முத்துவுக்காகப் பிடித்த சங்கிலி

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாலைந்து தடவை போனில் சொல்லிப் பார்த்தேன், வார்த்தை வரவில்லை. எழுதினால் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பொங்கலுக்குப் பேசும்போது, சனிக்கிழமை தோறும் எண்பது தாண்டிய ஒரு பாட்டியின் நாயை நடக்கக் கூட்டிப்போகிறேன் என்று நீ சொன்னாய். "இவ்வளவு படிச்சு, கடல் தாண்டிப் போய், யார் வீட்டு நாய்க்கோ சங்கிலி பிடிக்கிறியா?" என்று கேட்டேன். நீ ஒன்றும் சொல்லாமல், சாப்பிட்டாச்சா அம்மா என்று பேச்சை மாற்றிவிட்டாய். நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. தப்பு என்னுடையது.

என் பயம் உனக்குத் தெரியும். ஏழு வயதில் நாய் கடித்து, தொப்புளைச் சுற்றி பதினாலு ஊசி போட்டார்கள். தினமும் என் அப்பா தோளில் தூக்கிக்கொண்டு போவார். ஆஸ்பத்திரி வாசல் தெரிந்ததுமே அலறுவேன். இப்போது கையில் நாலைந்து ஊசியோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பழைய வலி மட்டும் உடம்பை விட்டுப் போகவே இல்லை. நீ அஞ்சாவது படிக்கும்போது ரெயின்கோட்டுக்குள் ஒரு குட்டியைச் சுருட்டிக்கொண்டு வந்தாயே, அதை மழையிலேயே திரும்ப விட்டுவிட்டு வரச் சொன்னதும் அந்தப் பயம்தான்.

கீழ்வீட்டு சாரை உனக்கு நினைவிருக்கும். ரயில்வேயில் இருந்து ரிடையர் ஆனவர். மாமி போனபிறகு தனியாகத்தான் இருக்கிறார். அவரிடம் முத்து என்று ஒரு நாய். நம் தெருவிலேயே பிறந்தது, செம்பட்டை நிறம், இடது காது மடிந்திருக்கும். ஆவணி மாதம் சாருக்குக் காலில் புண். சர்க்கரை உடம்பு, செருப்பு கடித்ததைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார். டாக்டர் உடனே அட்மிட் ஆகுங்கள், தள்ளிப்போட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று சொல்லியிருக்கிறார். இவர் மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

ரசம் கொடுக்கப் போன இடத்தில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. ஏன் சார் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "முத்துவை யார் பார்ப்பா, டீச்சரம்மா?" என்றார். பெங்களூரில் இருக்கிற மகன் எங்கேயாவது விட்டுவிடுங்கள் என்றானாம். "மாமி போன அன்னிக்கு ராத்திரி எல்லாரும் கிளம்பின அப்புறம் இது மட்டும்தான் என்கூட இருந்தது. எங்கே கொண்டுபோய் விடறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

மாடி ஏறும்போது நீ சொன்னது நினைவுக்கு வந்தது. அன்றைக்குக் காதில் வாங்காத மாதிரி இருந்தாலும் எல்லாம் உள்ளே இருந்திருக்கிறது. நீ சேர்ந்திருக்கும் சினமன் டிரஸ்டை 1985-ல் ஆவெரில் ஜார்விஸ் என்கிற பெண்மணி இங்கிலாந்தின் கார்ன்வாலில் தொடங்கினார் என்றாய். பட்டை என்று அர்த்தம் வரும் அந்தப் பெயர் அவர் வளர்த்த கார்கி ஜாதி நாயின் பெயர் என்றும் சொன்னாய். வயசானவர்களும் பிழைக்க வழியில்லாத நோய் வந்தவர்களும் தங்கள் பிராணியைப் பிரியாமல் இருக்க உதவுகிறார்கள். நடக்க முடியாதவர் நாயை நடத்திக் கூட்டிப்போகிறார்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் நாயைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள், வளர்த்தவர் இறந்துவிட்டால் அதன் ஆயுசு முழுக்கப் பொறுப்பு எடுத்துக்கொள்கிறார்கள். அன்றைக்கு இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் விஷயம் என்று நினைத்தேன். ஆனால் சார் கேட்ட கேள்வியும் அதேதானே.

திரும்ப இறங்கிப் போய், நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் கிளம்புங்கள் என்றேன். சொல்லும்போதே கை நடுங்கியது.

பதினோரு நாள். வெயில் ஏறினால் தார் ரோடு அதன் பாதத்தைச் சுட்டுவிடும் என்று சார் சொல்லியிருந்ததால் காலையில் அஞ்சரைக்கே கிளம்பிவிடுவேன். முதல் நாள் சங்கிலியின் நுனியைப் பிடித்துக்கொண்டு முத்துவை விட்டு எவ்வளவு தள்ளி நடக்க முடியுமோ அவ்வளவு தள்ளி நடந்தேன். தெருமுனையில் மற்ற நாய்கள் குரைத்தபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது. டீக்கடைக்காரர் அவற்றுக்கு பிஸ்கட் போட்டுத் திசை திருப்பினார். அன்றிலிருந்து எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே அவர் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துவிடுவார்.

முதல் இரண்டு நாள் முத்து சோற்றைத் தொடவில்லை. வாசலைப் பார்த்தபடியே படுத்திருந்தது. சாருடைய பழைய துண்டு ஒன்றைக் கொடியில் இருந்து எடுத்துப் பக்கத்தில் போட்டேன். அதில் மூக்கை வைத்துக்கொண்டு தூங்கியது. மூன்றாம் நாள் தயிர்சாதம் சாப்பிட்டது. அன்று சாயங்காலம் வீடியோ காலில் சாரைக் காட்டினேன். குரல் கேட்டதும் எழுந்து போனுக்குப் பின்னால் போய்த் தேடியது, கண்ணம்மா. சார் அழுதுவிட்டார். நானும்தான். அதற்கப்புறம் தினமும் ஆறு மணிக்குப் போன் பண்ணினோம். ஆறு மணி ஆவதற்குள் தாத்தா தானாகவே எழுந்து தலை வாரிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார் என்று அங்கே இருந்த நர்ஸ் பெண் சொன்னாள். விரல் தப்பியது.

இதை என்னோடு வேலை பார்த்த தோழியிடம் சொன்னேன். அவள் பேரனுக்கு ஆட்டிசம். அவன் படிக்கிற சிறப்புப் பள்ளிக்கு வாரம் ஒருநாள் ஒரு நாயைக் கூட்டிவருகிறார்களாம். தன் முடியை யாரையும் தொட விடாத பிள்ளை, அந்த நாய்க்குச் சீப்பு எடுத்து முடி வாரிவிடுகிறானாம். அவன் விரல்களுக்கு அதுவே பயிற்சி. பந்து எறிவது, பிஸ்கட்டை எண்ணி எண்ணிக் கொடுப்பது எல்லாம் பாடம்தான். ஹாங்காங்கில் ஜில் ராபின்சன் என்பவர் 1991-ல் 'டாக்டர் டாக்' என்று இதைத் தொடங்கினார். அது நம் ஊருக்கும் வந்து ப்ளூ கிராஸ் மூலமாக நடந்திருக்கிறது. கேப்டன் சுந்தரம் குடும்பம் 1959-ல் தொடங்கிய ப்ளூ கிராஸை அடிபட்ட நாய்களைக் காப்பாற்றுகிற இடம் என்று மட்டும்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லா நாயையும் அப்படிக் கூட்டிப்போய்விட முடியாது என்று தோழி சொன்னாள். சத்தத்துக்கு மிரளாமல், வாலை இழுத்தாலும் பொறுத்துக்கொள்கிற நாயாகப் பார்த்துத் தேர்வு செய்வார்களாம். தடுப்பூசி போட்டு, குளிப்பாட்டி, நகம் வெட்டித்தான் கூட்டிவருவார்கள். களைத்துவிட்டால் அதோடு நிறுத்திவிடுவார்கள். அந்தக் கடைசி விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பயப்படுகிற குழந்தையைக் கட்டாயப்படுத்துவதும் இல்லையாம். ஏழு வயதில் எனக்கும் அப்படி யாராவது இருந்திருக்கலாம்.

கண் தெரியாதவருக்கு வழிகாட்டுகிற நாயைத் தயார் பண்ண ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகும் என்று நீ சொன்னாய். முத்துவுக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது. சாருக்கும் பயிற்சி பெற்ற நாய் வேண்டியிருக்கவில்லை. அவருடைய முத்து அவரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு சங்கிலி பிடிக்க ஒரு ஆள் போதும். சென்ட்ரல் பக்கம் பிளாட்பாரத்தில் தூங்குகிற ஒரு அம்மா, தன் தட்டில் இருந்த சோற்றில் பாதியை நாய்க்குத் தள்ளிவைத்ததை ஒருநாள் பார்த்தேன். முன்பெல்லாம், தனக்கே இல்லாதபோது இது எதற்கு என்று நினைத்திருப்பேன். ராத்திரி அவளுக்குக் காவல் யார் என்று இப்போதுதான் யோசிக்கத் தோன்றுகிறது.

ஒரு சண்டையும் போட்டேன். சார் வீடு திரும்பி, கட்டோடு முத்துவைக் கூட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போக லிஃப்டில் ஏறியிருக்கிறார். நாயோடு லிஃப்டில் வரக்கூடாது, படியில் போங்கள் என்று அசோசியேஷனில் சொல்லிவிட்டார்கள். அந்தக் காலோடு படியா? எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. வளர்ப்புப் பிராணிகளைத் தடை செய்யக் கூடாது, லிஃப்டையும் மறுக்கக் கூடாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சொல்லியிருக்கிறது. அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மீட்டிங்குக்குப் போனேன். ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் 1962-ல் தொடங்கி, பல வருடம் நம் சென்னையிலேயே இருந்த வாரியம் அது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். இப்போது சாரும் முத்துவும் லிஃப்டில்தான் போகிறார்கள்.

இங்கே நாங்கள் நாலு பேர் சேர்ந்திருக்கிறோம். தனியாக இருக்கிற பெரியவர்கள் வளர்க்கிற நாய், பூனை எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டில் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். எப்போது சாப்பிடும், எதற்குப் பயப்படும், வெறிநோய் ஊசி அடுத்து எந்தத் தேதி, வேப்பேரி ஆஸ்பத்திரி சீட்டு எந்த டிராயரில் இருக்கிறது என்றெல்லாம் குறித்துவைக்கிறேன். முத்துவின் பக்கத்தில் முதல் வரி பட்டாசு. தீபாவளி அன்று நம் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது, உன் பழைய போர்வைக்குள்.

உன்னிடம் ஒரு உதவி கேட்கிறேன். உங்கள் டிரஸ்டில் பேர் கொடுக்கும்போது என்னென்ன கேள்வி கேட்டார்கள், வளர்த்தவர் முன்கூட்டியே எதையெல்லாம் எழுதிக்கொடுக்க வேண்டும் என்று விவரமாக எழுதி அனுப்பு. நாங்கள் நோட்டில் எதையாவது விட்டிருப்போம். அந்தப் பாட்டியிடமும் ஒன்று கேட்டுச் சொல். இங்கே நாலு நாளாக விடாமல் மழை. முத்து வாசல்வரை வருகிறது, தண்ணீரைப் பார்த்ததும் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிடுகிறது. உங்கள் ஊரில் வருஷம் முழுக்க மழை பெய்கிறதே, அவர் நாயை எப்படி வெளியே கிளப்புகிறார்?

அன்புடன்,
அம்மா