மிதி, பிடி, விடாதே

மாமா,

வருகிற ஞாயிற்றுக்கிழமை எஸ்டீம் காரைச் செட்டிப்பாளையம் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோகிறேன். பணம் கட்டியாகிவிட்டது. உங்களைக் கேட்காமல் கட்டியதற்குக் கோபப்பட உங்களுக்கு உரிமை உண்டு, ஆர்.சி. இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. ஷெட் வாடகையை நான்கு வருடமாக யார் கட்டுகிறார்கள் என்பதையும் கூடவே நினைத்துக்கொள்ளுங்கள்.

இதைத் தனியாக எழுதி அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் பதிலுக்குக் காத்திருப்பேன். இங்கே எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. எஸ்டீமைப் பற்றி நான் எழுதுவதை உங்களால் படிக்காமல் இருக்க முடியாது. சொந்தக்காரர்களும் படிக்கிறார்கள். (பெரியம்மா, வணக்கம்.) அதனால் சில இடங்களைச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

கார் நன்றாக இருக்கிறது. ஸ்டெப்னி, ஜாக்கி, மிதியடி எல்லாம் வெளியே. பின் சீட்டைக் கழற்றியபோது அடியில் பாப்பாவின் ஒற்றைச் செருப்பு கிடைத்தது. எடுத்து வைத்திருக்கிறேன். பேட்டரி டெர்மினலை இறுக்கிவிட்டேன். ஹெட்லைட் உடைந்தால் கண்ணாடி தடத்தில் சிதறக் கூடாது என்று குறுக்கும் நெடுக்கும் டேப் ஒட்டியிருக்கிறேன். பார்ப்பதற்குக் கண் ஆபரேஷன் முடிந்து வந்ததைப் போல இருக்கிறது. 13 இஞ்ச் டயர் நான்கும் புதிது. ஓடி ஓடிச் சூடேறினால் காற்று தானே ஏறும் என்று கொஞ்சம் குறைத்தே அடிக்கப் போகிறேன். நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான்.

பிரேக் ஆயிலை மட்டும் நீங்கள் சொன்னபடி செய்யவில்லை.

2018-இல் அலமாரியிலிருந்து அந்தப் பாதி பாட்டிலை எடுத்தீர்களே, திறந்து எத்தனை மாதம் ஆகியிருந்தது? பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்று நான் சொன்னேன். சிரித்தீர்கள். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்துவிட்டால் அதே ஆயிலுக்கு 155 டிகிரிதான் உத்தரவாதம். வீட்டுக்கும் ஆபீசுக்கும் ஓட்டுகிற காரில் யாருக்கும் இது தெரியப்போவதில்லை. நான்காவது சுற்றில் எனக்குத் தெரிந்தது. ஆயில் கொதித்து, காலுக்கடியில் பெடல் பஞ்சாகி இறங்கியது. வளைவைத் தாண்டிப் புல்லில் போய் நின்றேன். நீங்கள் ஓடிவந்து முதலில் பம்பரைப் பார்த்தீர்கள். அப்புறம்தான் என்னை. அதை நான் மறக்கவில்லை.

அதற்கு முந்தின இரவையும் மறக்கவில்லை. உண்மையில் அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

பதினோரு மணி இருக்கும். பிரேக்கில் காற்று எடுத்துக்கொண்டிருந்தோம். நீங்கள் இடது பின் சக்கரத்தடியில் படுத்திருந்தீர்கள். நான் டிரைவர் சீட்டில். உங்கள் செல்பேசி டேஷ்போர்டில், என் கண்ணுக்கு நேராக இருந்தது. "மிதி" என்பீர்கள், மிதிப்பேன். "பிடி" என்பீர்கள். கீழே சக்கரத்தில் காற்றை வெளியே விடும் நிப்பிள் திறக்கும், ஆயில் குழாயில் சீறும், பெடல் தரையைத் தொடும். "விடாதே, விடாதே." நிப்பிளை மூடுவதற்குள் காலை எடுத்துவிட்டால் காற்று உள்ளே போய்விடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூடியபின் "விடு" என்பீர்கள். ஒரு சக்கரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை. அந்தக் குரலுக்காகவே நான் வாராவாரம் வந்தேன் என்றுகூடச் சொல்லலாம். பந்தய வீரர் கரிவரதன் மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினை வைத்தே பந்தயக் கார் கட்டினார், நமக்கு 1298 சிசி இருக்கிறதே என்று நீங்கள் சொல்கையில், நம்மால் ஆகாதது ஒன்றுமில்லை என்று எனக்கும் தோன்றும்.

செல்பேசி அதிர்ந்தது. அக்காவின் பெயர். நின்றது. மறுபடி அதிர்ந்தது.

எதற்காக அழைத்தாள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. கடைசியில் அவள் ஆட்டோ பிடித்துத் தனியாகப் போனாள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். "மாமா, போன்" என்று நான் சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் எழுந்துவிடுவீர்கள், விடிந்தால் ஓட்ட முடியாது. பெடலிலிருந்து காலை எடுக்க முடியாத நிலைமை என்று எனக்கு நானே பல வருடம் சொல்லிக்கொண்டேன். காலைத்தான் எடுக்க முடியாது. கை சும்மாதான் இருந்தது.

மறுநாள் நீங்கள் அவளிடம் போன் சைலண்டில் கிடந்தது என்றீர்கள். நான் பக்கத்தில் நின்று ஆமாம் என்றேன். உங்களுக்காகச் சொல்கிறேன் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். எனக்காகத்தான் சொன்னேன். ஆனால் பிற்பாடு வீட்டில் அந்தப் பேச்சு வந்த ஒவ்வொரு தடவையும் "உன் தம்பியையே கேள்" என்று என்னை இழுத்தீர்களே, அது நியாயமா? அப்போது எனக்கு 22 வயது. உங்களுக்கு 36.

மன்னிப்புக் கேட்கத்தான் தொடங்கினேன். எங்கோ வந்து நிற்கிறேன்.

அதன்பின் உங்களை நான் அழைக்காததற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். அவள் என் அக்கா. இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை, தேடவும் இல்லை. உங்கள் பிறந்தநாள்களில் எண்ணை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்திருக்கிறேன்.

போன மாதம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று தடவை அழைத்தாய், பார்த்துக்கொண்டே இருந்தேன் என்றேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "ஐந்து" என்றாள்.

போன ஞாயிறு பிரேக்கில் காற்று எடுக்க ஆள் கிடைக்கவில்லை. குழாயைப் பாட்டிலில் விட்டுத் தனியாகவே செய்யலாம், செய்தும் பார்த்தேன். பெடல் சரியாக இறுகவில்லை. அக்கா ஷெட்டுக்கு வந்தாள். இந்தக் காரில் அவள் ஏறி எத்தனை வருடம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் கீழே படுத்து "மிதி" என்றேன், "பிடி" என்றேன், "விடாதே, விடாதே" என்றேன். சொன்னபிறகுதான் அது யார் குரல் என்று உறைத்தது. மேலிருந்து சத்தமே இல்லை. நிப்பிளை மூடிவிட்டு "விடு" என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அதுவரை காலை எடுக்காமல் இருந்தாள்.

நான்கு சக்கரமும் முடிந்தது. பெடல் கல்லாக நிற்கிறது.

பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களை உங்கள் ஆபீஸ் முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் குறி இருக்கிறது. ஆர்.சி.யில் உள்ளபடி பழைய கையெழுத்தையே போடுங்கள், இப்போது போடுகிற குட்டையானது வேண்டாம்.