ககன்யான் தாமதத்தைப் பழிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2022-க்குள் இந்தியர் விண்ணில் பறப்பார் என்று 2018-இல் அறிவிக்கப்பட்ட ககன்யான் பயணம் தள்ளிப்போய்க்கொண்டே இருப்பதை இஸ்ரோவின் மெத்தனம் என்று பலர் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பிய 73 விநாடிகளில் சிதறி எழுவர் இறந்தனர். கடுங்குளிரில் பூஸ்டர் எனும் துணை ராக்கெட்டின் ரப்பர் வளையங்கள் இறுகி அனல் வாயுவைத் தடுக்கத் தவறலாம் என்று, அதைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்களே முந்தைய இரவு வாதாடியிருந்தார்கள். முதலில் அதை ஏற்ற அந்நிறுவன நிர்வாகம், நாசா முகம் சுளித்ததும் பின்வாங்கியது.

கொலம்பியா விண்வெளி ஓடத்தின் கதை இன்னும் வேதனையானது. 2003 ஜனவரி 16 அன்று புறப்பட்ட 82-ஆவது விநாடியில், எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த வெப்பக்காப்பு நுரைத் துண்டு இடது இறக்கையைத் தாக்கியது. மறுநாளே ஒளிப்பதிவில் அதைக் கண்ட பொறியாளர்கள், சேதத்தைச் சுற்றுப்பாதையிலேயே படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டும் நடக்கவில்லை. நுரை பெயர்வது முந்தைய பயணங்களிலும் நேர்ந்து, விபரீதம் ஏதும் விளையாததால் அது பழகிப்போன விஷயமாகிவிட்டிருந்தது. ஜனவரி 23 அன்று, கவலைப்பட ஒன்றுமில்லை என்று ஓடத்தின் தலைவருக்குத் தரையிலிருந்து மின்னஞ்சலே போனது. பிப்ரவரி 1 அன்று, தரையிறங்கச் சுமார் 16 நிமிடங்களே இருந்தபோது, அந்தச் சேதத்தால் ஓடம் சிதறி, கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் மாண்டனர்.

வீரர்கள் ஆபத்தை அறிந்தே ஏறுகிறார்கள். அந்தத் துணிவை நாம் எவ்வளவு போற்றினாலும் தகும். ஆனால், தரையில் ஓர் அலுவலகத்துக்குத் தெரிந்தும் அலட்சியப்படுத்தப்பட்ட கோளாறுக்கு அவர்கள் ஒருபோதும் சம்மதித்தவர்கள் அல்லர்.

எங்கள் மாவட்டத்து மகேந்திரகிரியில் ககன்யான் ராக்கெட்டின் எஞ்சின்களைத் திரும்பத் திரும்ப எரித்துச் சோதித்ததை வீண்செலவு என்று சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். (தங்கள் வீட்டுப் பிள்ளை அதில் ஏறுவதாக இருந்தால் இப்படிப் பேசுவார்களா?) 2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில், வீரர்களைத் தப்புவிக்கும் அமைப்பின் ஆளில்லாச் சோதனை, கிளம்ப 5 விநாடிகள் இருக்கையில் கணினியால் நிறுத்தப்பட்டது, காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்த பின்னரே அன்று காலை ஏவினார்கள். கணினிக்கு இருக்கும் அந்த உரிமை, ஐயம் எழுப்பும் கடைநிலைப் பொறியாளருக்கும் எழுத்துமூலம் தரப்பட வேண்டும்.

ஒவ்வொரு தள்ளிவைப்புக்கும் உரிய தொழில்நுட்பக் காரணத்தை இஸ்ரோ விளக்கமாக வெளியிட வேண்டும். தங்கள் நாளிதழும் புதிய தேதியோடு அந்தக் காரணத்தையும் கேட்டுப் பிரசுரிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
வள்ளியூர், திருநெல்வேலி மாவட்டம்.