காதில் வைத்த ரப்பர் குழாய்

யீஷூன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மணி,

முதலில் திட்டி முடித்துவிடு. பதினான்கு மாதம். தீபாவளிக்கு வாழ்த்துப் படம் அனுப்பினேனே என்று கணக்குக் காட்டமாட்டேன். அது நீ எனக்கு அனுப்பிய படம், அதையே உனக்குத் திருப்பிவிட்டிருக்கிறேன் என்று மறுநாள்தான் தெரிந்தது. இங்கே எல்லாரும் சுகம். உன் முட்டி எப்படி? தங்கச்சிக்குச் சர்க்கரை இறங்கியதா? பெரியவனுக்குப் பெண் அமைந்ததா? சரி, விசாரிப்பு முடிந்தது.

ஜோகூர் கூலாயில் மச்சான் கொட்டகையில் கிடந்த செங்கல், அதான் அந்த பிஎம்டபிள்யூ மோட்டார்சைக்கிள், ஓடுகிறது. இன்ஜெக்‌ஷன் இல்லாமல். மூன்று கார்புரேட்டரில்.

"ஏம்ப்பா பின்னாடி போறீங்க?" என்று என் மகன் கேட்டான். நீயும் அதைத்தான் கேட்பாய், இன்னும் கொஞ்சம் அசிங்கமாக. அதனால் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இன்ஜெக்‌ஷன் ஒழுங்காக வேலை செய்யும் வண்டியில் அதைப் பிடுங்கிவிட்டுக் கார்புரேட்டர் மாட்டுகிறவன் மடையன். மைலேஜ் போகும், குளிர்ந்த என்ஜின் முனகும், புகை கூடும். ஆனால் இந்த வண்டியில் பிடுங்குவதற்கு என்ன இருந்தது? பிஎம்டபிள்யூ கே75. நாலு சிலிண்டர் கே100 வந்து இரண்டு வருஷம் கழித்து, 1985-இல் வந்த தம்பி. 740 சிசி, மூன்று சிலிண்டர், என்ஜின் படுத்துக் கிடக்கும். அதில் இருந்த போஷ் எல்இ-ஜெட்ரானிக் ஒன்றும் மாயமில்லை. காற்று போகும் வழியில் ஒரு கதவு. காற்றுத் தள்ளும் அளவுக்கு அது திறக்கும். எவ்வளவு திறந்தது என்று பார்த்து, சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டி மூன்று இன்ஜெக்டரையும் ஒரே நேரத்தில் பெட்ரோல் பீய்ச்சவிடும். மச்சான் கொட்டகைக் கூரை ஒழுகி ஒழுகி, கதவும் துருப்பிடித்தது, பெட்டியும் செத்தது. பெட்டியைத் திறந்தேன். உள்ளே எறும்புப் புற்று.

வேறு பெட்டி தேடியிருக்கலாம்தான். மகன் அதற்கும் மேலே போய், லேப்டாப்பில் சொல்லிக்கொடுக்கிற புதுக் கம்ப்யூட்டர் ஒன்றை மாட்டித் தருகிறேன் என்றான். நல்ல பிள்ளை. ஆனால் முப்பத்தெட்டு வருஷம் கப்பல் யார்டில் இரும்பு பற்றவைத்தவனுக்குத் திறந்து பார்க்க முடிகிற சாமான்மேல்தான் நம்பிக்கை. கார்புரேட்டரைக் கழற்றினால் மிதவை, ஊசி, பெட்ரோலை அளந்து விடும் பித்தளை ஜெட் இரண்டு. தப்பு எங்கே இருந்தாலும் கண்ணுக்குத் தெரியும். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சிங்கப்பூர் வண்டியில் இந்த வேலையைத் தொடவே மாட்டேன், பயப்படாதே. எண்ணெய், அதாவது பெட்ரோல், போகும் வழியையே மாற்றிவிட்டு எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) முன்னால் போய் நிற்க முடியுமா? இங்கே பழைய மோட்டார்சைக்கிளுக்கே நாள் குறித்தாகிவிட்டது: 2003 ஜூலைக்கு முன்னால் பதிந்ததெல்லாம், கிளாசிக் என்று தனியாகப் பதிந்தவை போக, 2028 ஜூன் 30-க்குப் பிறகு ரோட்டில் ஓடக்கூடாது. முன்கூட்டியே ஒப்படைத்தால் 3,500 வெள்ளி வரை கொடுத்தார்கள். நம்ம தாடி தன் யமஹா ஆர்எக்ஸ்இசட்டைக் கொடுத்துவிட்டு வந்து, கோப்பிக் கடையில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தான். தாடி! ஒரு மணி நேரம்! செங்கல் ஜோகூர் பிளேட், ரோடு டேக்ஸ் செத்துப் பத்து வருஷம். மச்சானின் செம்பனைத் தோட்டத்து மண் ரோட்டைத் தாண்டாது.

வேலையைச் சொல்கிறேன், கேள். எல்லாரும் கார்புரேட்டரை மாட்டுவதுதான் கஷ்டம் என்று நினைக்கிறார்கள். இல்லை, மற்றதைக் கழற்றி மூடுவதுதான் கஷ்டம். டேங்குக்கு உள்ளே பம்பு இருக்கிறது, அது 2.5 பார் அழுத்தத்தில் தள்ளும். கார்புரேட்டர் மிதவை ஊசி அதன் முன்னால் நிற்குமா? திறந்துகொண்டு கொட்டும். பம்பை எடுத்தாயிற்று. எண்ணெய் தானாக இறங்க வேண்டுமே, அதற்கு டேங்கின் அடியில் திறந்து மூடுகிற ஒரு குழாய். அலுமினிய டேங்க், ஆர்கான் வைத்து நானே பற்றவைத்தேன். வைப்பதற்கு முன்னால் சோப்புத்தண்ணீர் விட்டு மூன்று தடவை அலசி, இரண்டு நாள் காயப்போட்டு, அப்புறம் பற்றவைக்கும் இடம் மட்டும் காலியாக இருக்கும்படி கழுத்துவரை தண்ணீர் நிரப்பி… மச்சான் ரப்பர் செருப்போடு எட்டிப் பார்க்க வந்தான். "ஹாட் வொர்க் பெர்மிட் இருக்கா?" என்று, யார்டில் நெருப்பு வேலைக்குக் கேட்கிற அனுமதிச் சீட்டைக் கேட்டு விரட்டிவிட்டேன். ஓய்வு பெற்ற பிறகு அந்த வார்த்தையைச் சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது.

இன்ஜெக்டர் இருந்த மூன்று ஓட்டைக்கும் கடைந்த அலுமினிய மூடி, ஓ-ரிங் போட்டு. என்ஜின் படுத்திருப்பதால் காற்றுக் குழாய்கள் சாய்ந்து நிற்கும். கார்புரேட்டர் அப்படிச் சாய்ந்தால் மிதவை பொய் சொல்லும். அதனால் வளைந்த குழாய் மூன்று செய்து, மிகுனி கார்புரேட்டர் மூன்றையும் நிமிர்த்தி உட்காரவைத்தேன். ஆக்சிலேட்டர் கேபிள் ஒன்று உள்ளே போய் மூன்றாகப் பிரியும். நல்ல வேளை, இக்னிஷன் தனி. அதற்கு இந்த மாற்றம் எதுவும் தெரியாது, பாவம், பழையபடியே பொறி விடுகிறது. ஒரு தமாஷ் சொல்லட்டுமா? கைப்பிடியில் சோக் என்று ஒரு நெம்பி இருக்கிறதே, அது இத்தனை வருஷமும் சோக்கே இல்லை. வெறுமனே ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கிற நெம்பி. இப்போதுதான் இந்த வண்டிக்கு உண்மையான சோக் கிடைத்திருக்கிறது.

ஜெட் தேடி அலைந்தது தனிக் கதை. சுங்கை ரோடு திருட்டுச் சந்தை இருந்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்திருக்கும். 2017 ஜூலையோடு அதை மூடிவிட்டார்களே. மழையில் தார்ப்பாய்க்கு அடியில் குந்தி நீ அந்தக் கிழவரிடம் ஐம்பது காசுக்குச் சண்டை போட்டது ஞாபகம் வந்தது. கடைசியில் வாங்கிய பித்தளைப் பொடிகளை மாத்திரை டப்பாவில் போட்டு, 950 பஸ்ஸில் கொண்டுபோனேன். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் ஒரு பெண் அதிகாரி டப்பாவைத் திறந்து பார்த்து, "அங்கிள், இதை எத்தனை வேளை சாப்பிடணும்?" என்றாள். தமிழ்ப் பிள்ளை.

இப்போது முக்கியமான இடம். மூன்றையும் சமப்படுத்த வேண்டும். காற்று இழுப்பை அளக்கிற வேக்குவம் கேஜ் வாங்கச் சொன்னான் மகன். நான் சிரித்தேன். ஜாலான் புசார் பட்டறையில் நீ கற்றுக்கொடுத்தது இருக்கிறதே: ஒன்றரை முழம் ரப்பர் குழாய், ஒரு முனை காதில், மறுமுனை கார்புரேட்டர் வாயில். காற்று இழுக்கும் சத்தம் மூன்றிலும் ஒன்றாக வரும்வரை திருகு. "மீட்டர் பொய் சொல்லும், காது சொல்லாது" என்பாய், வாயில் சிகரெட்டோடு, பெட்ரோல் பக்கத்தில், முட்டாள். அதேபோல் செய்தேன். பத்தே நிமிஷம். மூன்றும் அச்சு அசலாக ஒரே சத்தம். இவ்வளவு சுலபமாக நீகூடச் செய்ததில்லை. அன்றைக்கு ராத்திரியே உனக்கு எழுதிப் பீற்றிக்கொள்ள நினைத்தேன்.

ஆனால் ஐடிலிங் நிற்கவில்லை. நிமிஷத்துக்கு 950 சுற்றில் நிற்க வேண்டியது, ஆக்சிலேட்டரை விட்டாலும் 2,000-த்தில் தொங்கிக்கொண்டு, மனசு வந்தால் இறங்கும். பின்னால் பட் பட்டென்று வெடிக்கும். மூன்றாவது பிளக் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. எண்ணெய் போதவில்லை என்று, ஐடிலிங்குக்கு எண்ணெய் விடுகிற பைலட் ஜெட்டைப் பெரிதாக்கினேன். ஊசியை ஒரு பள்ளம் தூக்கினேன். மிதவை உயரத்தை மாற்றினேன். இரண்டு சனி, இரண்டு ஞாயிறு. போகாத வாரத்தில் கிண்ணத்து எண்ணெய் காய்ந்து ஜெட்டில் பிசின் கட்டிவிடும், அதைச் சுத்தம் செய்யவே பாதிக் காலை போய்விடும். பெட்டியில் எறும்பே தேவலை என்று தோன்றிவிட்டது.

மூன்றாவது ஞாயிறு மச்சான் பெண்சாதி தேத்தண்ணி கொண்டுவந்தது. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. குவளையைப் பெஞ்சில் வைத்தது, திடுக்கிட்டுத் திரும்பியது, "அண்ணே, கேஸ் லீக்காகுது!" என்று சமையல்கட்டுக்கு ஓடியது. நானும் மச்சானும் பின்னால் ஓடினோம். சிலிண்டரை மூடி, ஜன்னலெல்லாம் திறந்து, முகர்ந்து பார்த்தால் ஒன்றுமில்லை. திரும்பி வந்ததும் அதுவே வண்டிப் பக்கம் கையைக் காட்டியது. "இங்கேதான் சீறுது, இவ்வளவு சத்தம் கேக்கலையா உங்களுக்கு?"

மச்சானைப் பார்த்தேன். அவனுக்கும் கேட்டது. எனக்கு மட்டும்தான் கேட்கவில்லை.

மூன்றாவது குழாயின் ரப்பரில், கிளிப்புக்கு அடியில், ஒரு விரற்கடை விரிசல். அங்கே காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. ரப்பரை மாற்றியதும் ஐடிலிங் இறங்கிவிட்டது. அதைச் சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து அந்த ரப்பர் குழாயைக் காதில் வைத்து, மறுமுனையில் வாயால் ஊதிப் பார்த்தேன். வலது காதில் ஒன்றுமில்லை. மூன்று கார்புரேட்டரும் ஒரே சத்தமாக வந்தது ஏன் என்று புரிந்தது, மணி.

பிறகு காதை டாக்டரிடம் காட்டிவிட்டேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துப் படம் போட்டுக் கொடுத்தார்கள். கோடு நேராக வந்து 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளத்தில் விழுகிறது. இரைச்சலில் வேலை செய்தவன் காது அங்கேதான் முதலில் போகுமாம். வலது மோசம், இடது சுமார். யார்டில் வருஷா வருஷம் இதே சோதனை வைத்தார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கு என்பார்கள். நான் குத்துமதிப்பாக அமுக்கிவிட்டு வருவேன், ஓவர்டைம் போய்விடக்கூடாது என்று. பல்லாஸ்ட் டேங்குக்குள் கிரைண்டர் ஓடும்போது கொடுத்த பஞ்சு அடைப்பானெல்லாம் சட்டைப் பையிலேயே கிடந்தது. யாரைக் குறை சொல்ல? முரடு சத்தமெல்லாம் கேட்கிறது. என்ஜின் இடி கேட்கிறது. சீறல், வால்வு தட்டுகிற சத்தம், ச, ஸ வருகிற சொற்கள், இவைதான் நழுவுகின்றன. போன மாதம் வீட்டுக்காரி சீனி வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள். நான் மீன் வாங்கிவந்து நின்றேன், வெள்ளிக்கிழமை அதுவுமாக.

பதினான்கு மாதத்துக்கும் காரணம் இதுதான். கடைசியாக நீ போன் பண்ணியபோது ஏதோ நீளமாகச் சொன்னாய், நடுவில் குரல் கம்மியது. எனக்குப் பாதி புரியவில்லை. திருப்பிக் கேட்க வெட்கப்பட்டு, லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். அப்புறம் நீ கூப்பிட்டபோதெல்லாம் எடுக்கவில்லை. அன்றைக்கு என்ன சொன்னாய்? எழுது. கெட்ட செய்தி என்றாலும் எழுது.

காதுக் கருவிக்கு அளவு எடுத்திருக்கிறார்கள், மூன்று வாரம் ஆகும். மாட்டினாலும் ஜெட்டுக்கு அது போதுமா தெரியாது. மகனிடம் இதையெல்லாம் இன்னும் சொல்லவில்லை. அவனிடம் பேசினால் வாயை விடாதே. கேஜ் வாங்கிக்கொள்கிறேன், உன் பழமொழி குப்பைக்குப் போகட்டும். ஆனால் ஒரு தடவை நீ வந்து பக்கத்தில் நின்று கேட்டுச் சொல்லிவிடு. ஈப்போவிலிருந்து ராத்திரி பஸ் பிடித்தால் காலையில் ஜோகூர் லார்க்கின் பஸ் நிலையம். மச்சான் வந்து கூட்டிப்போவான். பள்ளி விடுமுறை வாரம் மட்டும் வேண்டாம், ஜோகூர் பாலத்து நெரிசலில் என்னால் நிற்க முடியாது.

இப்போதைய நிலவரம்: பைலட் 30, மெயின் 130, ஊசி நடுப் பள்ளம். விரிசல் இருந்தபோது மூன்றாவதுக்கு மட்டும் பைலட்டை 35 ஆக்கினேன், அதைத் திரும்ப இறக்கவில்லை, இப்போது அந்தப் பிளக் கரியாக இருக்கிறது. அது மட்டும்தான் காரணமா, மிதவையும் சேர்ந்தா என்று யோசித்து வை. போன் வேண்டாம். வாட்ஸ்அப்பில் எழுது, குரல் பதிவு அனுப்பாதே.

உன்,
கருப்பு