தள்ளிப்போனதா, நின்றுபோனதா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ போனை எடுப்பதில்லை, அதனால் தாளை எடுத்தேன். வேளைக்குச் சாப்பிடு. பெங்களூரில் மழையும் குளிருமாக இருக்கிறதாமே.

பத்து நாளைக்கு முன்னால் 'வெட்டிங் கால்ட் ஆஃப், அப்புறம் பேசுறேன்பா' என்று அனுப்பினாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. ஆவணியிலிருந்து தைக்குத் தள்ளியிருக்கிறார்கள் என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன். அவள் அத்தையிடம் சொல்ல, அத்தை பாபநாசம் வரைக்கும் சொல்லிவிட்டாள்.

தள்ளிப்போட்டால் புட் ஆஃப். அடியோடு வேண்டாமென்று விட்டால் கால் ஆஃப். 2024இல் மேட்டூரை ஜூன் 12ஆம் தேதி திறக்காமல் ஜூலை 28இல் திறந்தார்களே, அது புட் ஆஃப். போர்வெல் இல்லாத நம் மேலவயலில் அந்த வருஷம் குறுவைக்கு நாற்றுகூட விடவில்லை, அது கால் ஆஃப். "கால் ஆஃப் இட் இல்லைப்பா, இட் நடுவுல வரணும், கால் இட் ஆஃப்" என்று எட்டாவது படிக்கும்போதே என்னைத் திருத்தியவள் நீ. கடைத்தெரு முழுக்க அதைச் சொல்லித் திரிந்தேன். நீ சொல்லை மாற்றிப் போட மாட்டாய். உன் செய்தி வந்த அன்று ராத்திரியே எனக்குத் தெரியும்.

மண்டபத்து முன்பணம் திரும்பாதாம். பணத்துக்காகச் சொல்லவில்லை. பாதியாவது கொடுத்திருக்கலாம் அந்த ஆள். ஆனாலும் பெற்றவர்களுக்கு ஒரே ஒரு வரியா? நீ வேளைக்குச் சாப்பிடு.

பதினெட்டாம் பெருக்கன்று அம்மா ஆற்றங்கரையில் உனக்கென்று ஒரு மஞ்சள் கயிறு தனியாக எடுத்து மடித்து வைத்தாள். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சித்திரையில் வந்தபோது, கொல்லையில் வைத்து, "ஆறு மாசம் தள்ளிப்போடலாமாப்பா?" என்று கேட்டாய். நான் பத்திரிகை மாதிரிகளை விரித்து, இந்த மஞ்சளா அந்த மஞ்சளா என்று உன்னைக் கேட்டேன். காதில் விழவில்லை என்று நினைத்திருப்பாய். விழுந்ததம்மா. ஊருக்குப் பயந்துகொண்டு விழாத மாதிரி இருந்தேன்.

அம்மாவிடம் தினமும் காலையில் சொல்ல நினைத்து, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறேன். இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்ததும் சொல்கிறேன். அத்தையிடமும் நானே பேசிக்கொள்கிறேன். நீ யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். சாப்பிட்டேன் என்று மட்டும் ஒரு வரி அனுப்பு.

அப்பா