வந்தவர் பெயர் இருக்கிறது, போனவர் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பியக் கால்பந்து சீசன் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை உங்கள் விளையாட்டுப் பக்கம் எப்படி இருக்கும் என்று திறக்காமலே சொல்லிவிடுவேன். மேலே ஒரு வீரர் புதுச் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிப்பார். கீழே, யார் எந்த கிளப்புக்கு வரலாம் என்று ஒரு பத்தி. பேச்சு நடக்கிறதாம், ஆர்வம் காட்டுகிறார்களாம். அதே வாரம் அந்த கிளப்பிலிருந்து யார் யார் பெட்டியைக் கட்டினார்கள் என்று தேடினால் ஒரு வரிகூட அகப்படாது. இந்தக் குறையைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் முப்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறவள். கால்பந்துக்கு வந்தது மகன் வழியாக. 2013இல் அவனுக்குப் பன்னிரண்டு வயது. லண்டனின் டாட்டன்ஹாம் கிளப்பின் வெள்ளைச் சட்டை ஒன்று வைத்திருந்தான், முதுகில் கேரத் பேலின் பெயர். அந்தக் கோடையின் கடைசியில் பேலை ரியல் மாட்ரிட்டுக்கு விற்றுவிட்டார்கள். சுமார் 8.5 கோடி பவுண்டு, அன்றைக்கு அது உலகச் சாதனை. பையன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. சமாதானம் சொல்வதாக நினைத்து, "அந்தப் பணத்தில் ஏழு பேரை வாங்கியிருக்கிறார்கள், ஒருவர் போனால் ஏழு பேர் லாபம்தானே" என்றேன். கணக்குக்காரி சொல்கிற ஆறுதல் அப்படித்தான் இருக்கும்.

சொல்டாடோ, பவுலினோ, லமேலா, எரிக்சன், ஷாட்லி, கப்பூ, கிரிகெஷ். பள்ளி நோட்டின் பின்னட்டையில் அவன் எழுதிவைத்த ஏழு பெயர்கள் எனக்கு இன்னும் வரிசையாக நினைவிருக்கின்றன. மொத்தச் செலவு 10 கோடி பவுண்டைத் தாண்டியது. சொல்டாடோ அந்த சீசனில் பிரீமியர் லீக்கில், அதாவது இங்கிலாந்தின் முதல் நிலை லீக்கில், அடித்தது 6 கோல். டிசம்பரில் சொந்த மைதானத்தில் லிவர்பூலிடம் 5-0 என்று தோற்ற மறுநாள் பயிற்சியாளர் வில்லாஸ்-போவாஸ் வேலையிழந்தார். அணி ஆறாவது இடத்தில் முடித்தது. மூன்று வருடம் கழித்து, 2016 கோடை முடியும்போது, அந்த ஏழில் மிச்சம் இருந்தவர்கள் எரிக்சனும் லமேலாவும் மட்டும்.

அந்தக் கோடையின் நல்ல முடிவு எது தெரியுமா? எந்தப் பத்திரிகையும் எழுதாத ஒன்று. இருபது வயதில் ஒரு பையன் இருந்தான். அதுவரை நான்கு கிளப்புகளுக்கு லோனில், அதாவது இரவல் வீரனாக, போய் வந்தவன், கடைசியாக லெஸ்டரில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன். அவனை விற்காமல் வைத்திருந்தார்கள். பெயர் ஹாரி கேன். 2014 ஏப்ரலில் சண்டர்லாந்துக்கு எதிராக பிரீமியர் லீக்கில் முதல் கோல் அடித்தான். கிளப்பை விட்டுப் போகும்போது அவர் கணக்கில் 280 கோல். (அவன் எந்த இடத்தில் 'அவர்' ஆனார் என்று எனக்கும் தெரியவில்லை.) உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை அவர் ஓடுவதைப் பார்த்துவிட்டு, "மூட்டை தூக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி இருக்கிறது, இதை ஏன் வைத்திருக்கிறார்கள்" என்று கேட்டவள் நான்தான். மகன் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறான்.

2018 கோடை இதற்கு நேர் எதிர். டாட்டன்ஹாம் ஒருவரைக்கூட வாங்கவில்லை. 2003இல் கோடைக்கால டிரான்ஸ்பர் காலம், அதாவது வீரர்களை வாங்கி விற்கும் காலம், என்று வரையறுத்ததிலிருந்து பிரீமியர் லீக்கில் யாரையும் வாங்காமல் விட்ட முதல் கிளப் அதுதான். புது மைதானம் கட்டிக்கொண்டிருந்தார்கள், கடன் கழுத்தைப் பிடித்தது. மகனும் அவன் நண்பர்களும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து கிளப் தலைவரைத் திட்டாத திட்டில்லை. நானும் சேர்ந்து திட்டினேன். அடுத்த மே மாதம் ஆம்ஸ்டர்டாமில் லூகாஸ் மோரா மூன்று கோல் அடித்தார், மூன்றாவது 96ஆவது நிமிடத்தில். ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் இறுதிப் போட்டிக்கே அணி போய்விட்டது. அந்த மோராதான் கிளப் கடைசியாக வாங்கியிருந்த ஆள், 2018 ஜனவரியில். அவருக்கு அப்புறம் அடுத்த ஆள் வந்தது 2019 ஜூலையில்.

'பார்த்தீர்களா, யாரையும் வாங்காமலே ஜெயித்தோம்' என்று நாங்கள் கொஞ்ச நாள் மார்தட்டிக்கொண்டோம். அது தப்பு. இறுதிப் போட்டியில் லிவர்பூலிடம் 2-0 என்று தோற்றோம், அது வேறு விஷயம். வாங்காதது மட்டுமில்லை, அனுப்ப வேண்டியவர்களை வேளை பார்த்து அனுப்பவுமில்லை. நடுக்களத்தின் தூணாக இருந்த மூசா டெம்பேலே 2019 ஜனவரியில் சீனாவுக்குப் போனார், அந்த இடம் காலியாகவே கிடந்தது. 2019 கோடையில் வலது டிஃபெண்டர் டிரிப்பியரை அத்லெடிகோ மாட்ரிட்டுக்கு விற்றார்கள். அவர் இடத்துக்கு அந்தக் கோடையில் புதிதாக ஆள் எடுக்கவில்லை. எரிக்சன் போகவேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார், ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வருடம்தான் பாக்கி, ஆனாலும் இருத்திவைத்தார்கள். 2020 ஜனவரியில் ஆறு மாத ஒப்பந்தம் மிச்சம் இருக்கும்போது இன்டர் மிலானுக்குக் கிடைத்த விலைக்குத் தள்ளினார்கள். அதற்குள், இறுதிப் போட்டி முடிந்து ஆறு மாதம்கூட ஆகாத நிலையில், 2019 நவம்பர் 19ஆம் தேதி பயிற்சியாளர் பொச்செட்டினோவையும் நீக்கியாகிவிட்டது.

இங்கே என் தொழில் கொஞ்சம் எட்டிப்பார்க்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். 'இந்த ஆள் சரியில்லை, விற்றுத் தொலைக்க வேண்டியதுதானே' என்று ரசிகர்கள் கேட்பார்கள். ஏன் விற்பதில்லை என்பதற்கு பதில் பெரும்பாலும் பேரேட்டில் இருக்கிறது. 2019 ஜூலையில் லியான் கிளப்பிலிருந்து எண்டோம்பெலேவை வாங்கினார்கள், அதுவரை கிளப் வரலாற்றிலேயே பெரிய விலை, ஏறக்குறைய 5.4 கோடி பவுண்டு, ஆறு வருட ஒப்பந்தம். கணக்கில் அந்தத் தொகையை ஒரே வருடத்தில் எழுதுவதில்லை. ஒரு இயந்திரத்துக்குத் தேய்மானம் போடுகிற மாதிரி, ஒப்பந்த வருடங்களுக்குப் பிரித்து எழுதுவார்கள். வருடத்துக்கு 90 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடம் கழித்தும் புத்தகத்தில் அவர் மதிப்பு 2.7 கோடி. சந்தையில் ஒரு கோடிதான் தருகிறார்கள் என்றால், விற்ற அன்றைக்கே 1.7 கோடி நஷ்டம் என்று எழுதியாக வேண்டும். அதைவிட லோனில் அனுப்புவது சுலபம். அப்படித்தான் லியானுக்கே திரும்ப அனுப்பினார்கள், அப்புறம் நபோலி, அப்புறம் கலடசராய். நபோலியிலும் கலடசராயிலும் அவர் லீக் பட்டம் வேறு வென்றார்! கடைசியில் 2024 ஜூனில் இருதரப்பும் பேசி ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார்கள். வந்தபோது எல்லாப் பத்திரிகையிலும் கொட்டை எழுத்து. போனபோது எத்தனை பேர் கவனித்தார்கள்?

சொந்த அகாடமியில் வளர்ந்த பையன் என்றால் கணக்கு தலைகீழ். அவனுக்கு வாங்கிய விலை என்று எதுவும் கிடையாது, புத்தக மதிப்பு பூஜ்யம். விற்கிற விலை அத்தனையும் அந்த வருடத்து லாபம். மூன்று வருடத்துக்குச் சேர்த்து 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக்கூடாது என்று பிரீமியர் லீக் வைத்திருந்த விதி சிக்கனத்துக்காக வந்தது. நடந்தது என்ன? வீட்டில் வளர்ந்த பிள்ளையை விற்பதுதான் விதிக்குள் நிற்க மிகச் சுலபமான வழி என்று ஆகிப்போனது. ஆறு வயதில் செல்சியில் சேர்ந்த மேசன் மவுண்டை 2023இல் விற்றார்கள். அடுத்த கோடையில் எட்டு வயதிலிருந்து அங்கே இருந்த கேலகர். ரசிகர்கள் தங்கள் ஊர்ப் பையன் என்று கொண்டாடுகிறவர்கள்தான் கணக்காளர் கண்ணுக்கு முதலில் படுகிறார்கள். என் தொழில் மீதே எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

கேன் விஷயத்தில் மட்டும் நானும் மகனும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. 2023 கோடையில் அவர் ஒப்பந்தத்தில் ஒரு வருடம்தான் பாக்கி. விற்காவிட்டால் அடுத்த ஜூன் 30 முடிந்ததும் காலணா வாங்காமல் வாசலைத் திறந்துவிட வேண்டும். 1995இல் வந்த போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு நிலைமை அதுதான். விற்றது சரி என்பது என் கட்சி. ஒரு வருடம் கூடவே வைத்துக்கொண்டு போராடியிருக்க வேண்டும் என்பது அவன் கட்சி. ஆகஸ்டில், லீக் தொடங்கிய வாரத்தில், கேன் ஜெர்மனியின் பேயர்ன் கிளப்புக்குப் போனார். செப்டம்பர் 1ஆம் தேதி டிரான்ஸ்பர் கதவு மூடுவதற்குள் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டிலிருந்து பிரென்னன் ஜான்சனை வாங்கினார்கள். 2025 மே மாதம் கேன் வாழ்க்கையிலேயே முதல் பெரிய பட்டமாக ஜெர்மன் லீக்கை வென்றார். அதே மாதம் பில்பாவோவில் நடந்த யூரோப்பா லீக் இறுதிப் போட்டியில் ஜான்சன் காலில் பட்டும் படாமலும் உருண்ட ஒரு பந்து மான்செஸ்டர் யுனைடெட்டின் வலைக்குள் போய், 2008க்கு அப்புறம் டாட்டன்ஹாமுக்கு முதல் கோப்பையைக் கொடுத்தது. லீக்கில் அந்த வருடம் 17ஆவது இடம், 22 தோல்வி. ஆக, விற்றது சரியா தப்பா? நான் கோப்பையைக் காட்டுவேன், அவன் லீக் பட்டியலைக் காட்டுவான். ராத்திரி பதினொன்றுக்குத் தொலைபேசியில் தொடங்கினால் முடிய நள்ளிரவாகும்.

சரி, கடிதத்தின் காரியத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு ஜூனிலும் பிரீமியர் லீக் ஒரு பட்டியல் வெளியிடுகிறது: எந்த கிளப் யாரைத் தக்கவைத்துக்கொள்கிறது, யாரை விடுவிக்கிறது என்று. நட்சத்திரங்கள் பெயர் அதில் குறைவாகத்தான் இருக்கும். பெரும்பாலும் பத்தொன்பது இருபது வயதுப் பையன்கள், பத்து வருடம் ஒரே கிளப்பில் வளர்ந்தவர்கள். கேனையே எட்டு வயதில் ஆர்சனல் வேண்டாம் என்று அனுப்பியது. ஜேமி வார்டியைப் பதினாறு வயதில் ஷெஃபீல்ட் வென்ஸ்டே அனுப்பியது. பின்னாளில் அவர் லெஸ்டரோடு லீக் பட்டமே வென்றார். அப்படித் திரும்பி வருகிறவர்கள் கைவிட்டு எண்ணக்கூடியவர்கள் என்பதும் எனக்குத் தெரியும். மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதை உங்கள் நிருபர்களில் ஒருவர் ஒரே ஒரு கோடையாவது எழுதிப் பார்க்கலாம்.

அந்தப் பட்டியலை ஜூனில் ஒரு நாள், ஒரு பத்தி அளவுக்குப் போடுங்கள். இடம் போதவில்லை என்றால், ஆர்வம் காட்டுகிறார்களாம் என்கிற செய்திகளில் இரண்டைக் குறைத்துக்கொள்ளலாம். அவை எப்படியும் ஒரு வாரத்தில் பொய்யாகிவிடும், எங்களுக்குப் பழகிவிட்டது. செப்டம்பரில் லீக்கில் ஆடப்போகிற இருபத்தைந்து பேர் பட்டியலை கிளப்புகள் கொடுக்கும்போதும் அப்படியே. 2020இல் ஜெர்மனி நட்சத்திரம் ஓசிலை ஆர்சனல் அந்தப் பட்டியலில் சேர்க்காமல் விட்டபோது உலகமே பேசியது, ஏனென்றால் அவர் ஓசில். பெயர் தெரியாத ஒருவரை அப்படி வெளியே நிறுத்துகிறபோதும் அவருக்கும் ஜனவரி வரை லீக் போட்டி கிடையாது. பெரும்பாலும் பயிற்சிதான்.

மகனிடம் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். எல்லாம் சரி, மூட்டை தூக்கிய கதையை மட்டும் எடுத்துவிடாதே என்றான்.

இப்படிக்கு,
கணக்கு எழுதும் ஒரு வாசகி