சுற்றுச்சூழல் பொறியியல்: கடன் கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் கலந்தாய்வு நெருங்கினால் ‘எந்தப் பாடப்பிரிவுக்கு எதிர்காலம்?’ என்ற கட்டுரைகள் நாளிதழ்களில் வரத் தொடங்கிவிடும். சுற்றுச்சூழல் பொறியியலுக்கும் அவற்றில் ஒரு பத்தி உண்டு. தண்ணீர்த் தட்டுப்பாடு, குப்பைமேடு, சாயக்கழிவு எல்லாம் இருப்பதால் வேலைக்குக் குறைவில்லை என்று அது முடியும். வேலை இருப்பது உண்மைதான். ஆனால் வங்கிக் கடனை நம்பிப் பிள்ளையைச் சேர்க்கும் குடும்பத்துக்கு அது போதாது. மாதத் தவணை எவ்வளவு, முதல் சம்பளம் எவ்வளவு என்ற இரண்டும் தெரிந்தால்தான் அவர்களால் முடிவெடுக்க முடியும்.

ஆண்டுக்கு 1.5 லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளில் 6 லட்சம் கடன், வட்டி 10.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் நான்கு ஆண்டுகளும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கிடையாது. ஆனால் வட்டி நிற்பதில்லை. முதல் 1.5 லட்சத்துக்கு ஐந்து ஆண்டு, அடுத்ததற்கு நான்கு, பிறகு மூன்று, இரண்டு என்று தனிவட்டி சேர்ந்தால் மொத்தம் 2,20,500 ரூபாய். ஆக, தவணை தொடங்கும் நாளில் கடன் 8,20,500. பத்து ஆண்டுகளில் அடைக்க மாதம் சுமார் 11,070 ரூபாய் கட்ட வேண்டும். பதினைந்து ஆண்டு எடுத்துக்கொண்டால் தவணை 9,070 ஆகக் குறையும். ஆனால் கட்டி முடிக்கும்போது மொத்தம் 16 லட்சத்தைத் தாண்டியிருக்கும்.

சுத்திகரிப்பு நிலையப் பராமரிப்பு, நீர்ப் பரிசோதனைக் கூடம், சிறிய ஆலோசனை நிறுவனங்கள் ஆகியவற்றில் புதிதாகச் சேர்பவருக்கு 20 ஆயிரத்தைத் தொடாத வேலைகள்தான் நிறைய. அதில் 11 ஆயிரம் தவணைக்குப் போனால் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் என்ன மிஞ்சும்?

அதனால் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். கையில் வரும் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் தவணை போகக் கூடாது என்பது எங்கள் கருத்து. 20 ஆயிரத்தில் கால் பங்கு 5,000. பத்து ஆண்டுகளில் அந்தத் தவணை அடைக்கக்கூடியது சுமார் 3.7 லட்சம். படிப்புக்கால வட்டியைக் கழித்தால், வாங்கத் தகுந்த கடன் ஏறக்குறைய 2.7 லட்சம்தான். தனியார் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு, அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு, 2017-இல் ஆண்டுக்கு 55,000 ரூபாய் என்று கட்டணம் நிர்ணயிக்கப்பட்டது. அந்த அளவில் நான்கு ஆண்டுக் கட்டணம் 2.2 லட்சம், இந்த வரம்புக்குள் அடங்கும். விடுதியும் பேருந்தும் சேர்ந்தால் மீறும். மேனேஜ்மென்ட் கோட்டா என்றால் பேச்சே வேண்டாம். முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தவர்களுக்குத்தான் என்பதையும் பலர் பணம் கட்டிய பிறகே தெரிந்துகொள்கிறார்கள்.

கல்லூரிகள் சொல்லும் சம்பளத்தை எப்படிச் சரிபார்ப்பது? மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். கல்லூரித் தரவரிசையில் பங்கேற்கும் கல்லூரி தான் கொடுத்த தரவைத் தன் இணையதளத்திலேயே வெளியிட வேண்டும். நான்காண்டு இளநிலைப் படிப்பில் எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, வேலை பெற்றவர்களின் இடைநிலை ஊதியம் (எல்லார் சம்பளத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) என்ன என்பவை அதில் உண்டு. ஆனால் அந்த ஊதியம் எல்லாப் பாடப்பிரிவுகளுக்கும் சேர்த்துச் சொன்னது. 600 பேரில் 300 பேர் கணினி சார்ந்த பிரிவுகளில் இருந்தால் அது அவர்கள் சம்பளத்தையே காட்டும். சுற்றுச்சூழல் பிரிவின் 30 பேர் அதில் தெரியவே மாட்டார்கள். வேலை கிடைக்காதவர்களும் அந்த எண்ணில் இல்லை. எனவே கல்லூரியிடம் கேட்க வேண்டியவை: இந்தப் பிரிவில் சென்ற ஆண்டு தேறியவர் எத்தனை பேர், துறை சார்ந்த வேலையில் சேர்ந்தவர் எத்தனை பேர், அவர்களின் இடைநிலை ஊதியம் என்ன. எழுத்தில் தர மறுத்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

இந்தத் துறையில் சம்பளம் மெதுவாக ஏறுவதற்குக் காரணம் உண்டு. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைத் தயாரிக்கும் நிறுவனத்துக்கு இந்தியத் தரக் குழுமத்தின் வாரியமான நாபெட்டின் அங்கீகாரம் தேவை. அதில் துறை வல்லுநராக ஒருவரைக் காட்ட வேண்டுமானால் அவருக்கு அனுபவ ஆண்டுகள் சேர்ந்திருக்க வேண்டும். புதியவரின் கையெழுத்துக்கு அங்கே மதிப்பில்லை. சாயப்பட்டறை, தோல் தொழில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் அப்படித்தான். நீரை வடிகட்டும் ஆர்.ஓ. மெம்ப்ரேன் ஏன் அடைக்கிறது, கழிவுநீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டரில் உப்பு ஏன் படிகிறது, உயிரியல் சுத்திகரிப்பில் கசடு ஏன் அடியில் தங்காமல் மிதக்கிறது என்று பார்த்தவுடன் சொல்பவருக்குத்தான் நல்ல சம்பளம். 2011 ஜனவரியில் கழிவுநீர்ப் பிரச்சினைக்காகச் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட பிறகு, இந்தத் திறமையின் அருமை அந்த ஊருக்கே தெரியும். ஆனால் அது வர நான்கைந்து ஆண்டுகள் ஆகும். வங்கித் தவணையோ படிப்பு முடிந்து ஓராண்டிலேயே தொடங்கிவிடும். பெரும்பாலான குடும்பங்கள் இந்த இடைவெளியில்தான் மாட்டிக்கொள்கின்றன.

இளநிலையில் சிவில் அல்லது கெமிக்கல் படித்து, முதுநிலையில் சுற்றுச்சூழல் பொறியியல் எடுப்பதே கடன் வாங்குவோருக்குப் பாதுகாப்பான வழி என்பது எங்கள் உறுதியான கருத்து. குடிநீர் வடிகால் வாரியம், பொதுப்பணித் துறை போன்றவற்றின் உதவிப் பொறியாளர் அறிவிக்கைகள் பெரும்பாலும் சிவில் பட்டத்தைத்தான் கேட்கின்றன. மாநில அரசில் அந்தப் பதவியின் தொடக்க அடிப்படை ஊதியம் 37,700 ரூபாய். அந்த வாசலை 17 வயதிலேயே மூடிக்கொள்ள வேண்டாம். முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வில் தகுதி பெற்று, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) அங்கீகாரமுள்ள இடத்தில் முழுநேரமாகச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. 24 மாதங்களுக்கு 2,97,600 ரூபாய். அது தாமதமாக வருவதும் உண்டு. முதல் பருவக் கட்டணத்துக்குக் கையில் பணம் வைத்திருங்கள். கேட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியல், பொறியியலுக்கென்று 2021 முதல் தனித் தாளே இருக்கிறது.

கடன் வாங்கியே ஆக வேண்டும் என்றால் சில செய்திகள். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரியும் படிப்பும் தகுதிப் பட்டியலில் இருந்தால், மேலே சொன்ன 2,20,500 வட்டியை மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் ஏற்கும். வருமானச் சான்றிதழைக் கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். கிளை அலுவலகம் மானியத்துக்கு விண்ணப்பித்ததா என்று ஆண்டுதோறும் எழுத்தில் கேளுங்கள். இங்கேதான் பெரும்பாலும் தவறுகிறது. மானியம் கிடைக்காதவர்கள் படிக்கும்போதும் அதற்குப் பின் வரும் ஓராண்டிலும் வட்டியைக் கட்டிவிடுவது நல்லது. முதல் ஆண்டில் மாதம் 1,313 ரூபாய், நான்காம் ஆண்டு முதல் 5,250. அப்படிக் கட்டினால் பின்னால் வரும் தவணை 8,100-க்கு இறங்கும். பல வங்கிகள் வட்டியில் ஒரு சதவீதமும் குறைக்கின்றன. கல்விக் கடனுக்கான வருமான வரிச் சலுகையை மட்டும் நம்ப வேண்டாம். பழைய வரி முறையில்தான் அது உண்டு, அதிலும் வட்டிக்கு மட்டும். மாதம் 20 ஆயிரம் வாங்குபவருக்கு வரியே வராதபோது சலுகையால் என்ன பயன்?

வேலை கிடைக்கத் தாமதமானால் தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போய்க் கால நீட்டிப்பு கேட்க வேண்டும். 90 நாள் தாண்டினால் அது வாராக்கடன். கடனில் தந்தையோ தாயோ இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்டிருப்பதால், அவர்கள் வேறு கடன் கேட்டுப் போகும் இடத்திலும் அது நிற்கும்.

கலந்தாய்வுக் கையேட்டில் ஒவ்வொரு கல்லூரிக்கும் எதிரே பாடப்பிரிவு வாரியாக இடைநிலை ஊதியத்தையும் வேலை பெற்றவர் எண்ணிக்கையையும் அச்சிட உயர்கல்வித் துறை ஆணையிட வேண்டும். அதுவரை, தங்கள் நாளிதழின் வழிகாட்டிப் பக்கங்களில் ஒவ்வொரு படிப்புக்கும் கீழே இந்தத் தவணைக் கணக்கை ஒரு சிறு கட்டத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சுற்றுச்சூழல் பொறியாளர்கள் சிலர்,
திருப்பூர்