உன் உறையில் இருந்த ஊதா இதயம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. மருமகளுக்கு வேலை கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். முழங்கால் ஆபரேஷனை மட்டும் தள்ளிப்போடாதே. தள்ளிப்போட்டு நான் படுகிற பாட்டைத்தான் நீயே பார்த்தாயே.

சரி, உறைக்கு வருகிறேன். கைக்குக் கிடைத்ததை ஒட்டியிருப்பாய். எனக்கு அது பெரிய வரவு. மூன்றும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் போட்ட ஸ்டாம்ப்! எதிரியின் தாக்குதலில் காயம்பட்டவர்களுக்கும், உயிர்விட்டவர்களின் குடும்பத்துக்கும் அமெரிக்கப் படை தரும் பதக்கம். உங்கள் அமெரிக்க ஸ்டிக்கர் ஸ்டாம்ப் தண்ணீரில் ஊறவைத்தால் லேசில் கழன்று வராது. உறைத் தாளோடு சேர்த்தே வெட்டி ஆல்பத்தில் வைத்துவிட்டேன்.

நடுவில் இருக்கும் முகம் ஜார்ஜ் வாஷிங்டன். அமெரிக்க விடுதலைப் போரில் படைத் தலைவராக இருந்தபோது, 1782 ஆகஸ்ட் 7 அன்று நியூபர்க் முகாமில் அவர் போட்ட உத்தரவில்தான் பதக்கத்தின் தொடக்கம். அன்று அது காயத்துக்காக இல்லை. சாதாரண சிப்பாய் பெரிய காரியம் செய்தால் இடது மார்பில் ஊதாத் துணி இதயம் தைத்துக்கொள்ளலாம். வாங்கியதாகப் பெயர் தெரிந்தவர்கள் மூன்றே பேர், மூவரும் சார்ஜென்ட்கள். அப்புறம் நூற்றைம்பது வருஷம் யாரும் அதைச் சீண்டவில்லை. 1932இல், வாஷிங்டனின் இருநூறாவது பிறந்தநாளில், தரைப்படைத் தலைமைத் தளபதி மக்ஆர்தர் அதற்கு உயிர் கொடுத்தார். காயத்துக்கும் உயிரிழப்புக்கும் மட்டும் என்று ஆனது 1942இல்.

இரண்டாம் உலகப் போரில், ஜப்பானுக்குள் இறங்கினால் எத்தனை பேர் அடிபடுவார்கள் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பதக்கம் செய்து குவித்திருக்கிறார்கள். படையெடுப்பு நடக்கவே இல்லை. சுமார் 5 லட்சம் மீந்துபோய், கொரியா, வியட்நாம் தாண்டியும் அதிலிருந்தே எடுத்துக் கொடுத்தார்களாம். படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஸ்டாம்ப் வந்தது 2003இல், 37 சென்ட். கட்டணம் ஏற ஏற 39, 41, 42, 44 என்று திரும்பத் திரும்ப அச்சடித்து, 2011இல் விலையே போடாத, கட்டணம் ஏறினாலும் செல்லுகிற 'ஃபாரெவர்' ஆக்கினார்கள். விழா எடுத்து ஒரு தடவை அச்சடித்து மறந்துபோகிற நினைவு ஸ்டாம்பை விட இது எனக்குப் பிடித்திருக்கிறது. கரன்ட் பில் கட்டுகிற உறையிலும் அது போய்க்கொண்டே இருக்கும்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. போர் மனசில் விட்டுப்போகிற காயத்துக்கு, அதாவது பி.டி.எஸ்.டி.க்கு, இந்தப் பதக்கம் கிடையாது என்று 2009இல் பென்டகன் சொல்லிவிட்டது. ராத்திரி தூக்கமில்லாமல் அலறி எழுகிறவனுக்கு அது காயம் இல்லையா? 2019இல் தபால் துறை அந்தப் பாதிப்புக்கென்றே தனி ஸ்டாம்ப் போட்டது. உதிர்ந்த இலைகளுக்கு நடுவே ஒரு பச்சைத் துளிர். கொஞ்சம் கூடுதல் விலை, அந்தக் கூடுதல் படைவீரர் நலத் துறைக்குப் போனது. பதக்கம் மறுக்கப்பட்ட காயத்துக்கு ஸ்டாம்பாவது கிடைத்ததே!

அதில் ஒன்று யாரிடமாவது இருந்தால் கேட்டு வாங்கி அனுப்பு. பேனாவால் அடிக்காததாக இருக்கட்டும். ஆபரேஷன் தேதி முடிவானதும் எழுது. கமலாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராமநாதன்